கொப்பியில் இல்லாத பெயர்

1

போன வியாழக்கிழமை எங்கள் முதியோர் இல்லத்தில் கேக் வெட்டினார்கள். கொரோனா வந்து ஐந்து வருடம் முடிந்ததற்காக. அதற்கெல்லாம் ஒரு கொண்டாட்டமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கொண்டாட்டம் இல்லை அப்பா, நன்றி சொல்லும் கூட்டம் என்று அழைப்புக் கடிதத்தை வாசித்துவிட்டு மகள் துளசி சொன்னாள். ஜேர்மன்காரர் தும்மினாலும் ஒரு கடிதம் அனுப்புவார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறேன், சலவை இயந்திரம் நின்றுபோனால் அதைத் திருத்த வருகிறவனோடு ஜேர்மனில் வாய்ச்சண்டை பிடிப்பேன், ஆனால் கடிதம் என்று ஒன்று வந்தால் கண்ணாடியைக் காணவில்லை என்று சாட்டுச் சொல்லி மகளைக் கூப்பிடுவேன்.

இது ஒரு சிறு நகரம். முதியோர் இல்லம் நகரசபைக்குச் சொந்தம். அதன் நிலக்கீழ் அறையில் இருக்கும் சலவைப் பகுதி என் பொறுப்பு. படுக்கை விரிப்பு, துவாய், கிழவர்களின் கம்பளிச் சட்டை எல்லாம் என் கையால்தான் போய்வரும். அங்கே வேலை செய்பவர்களில் நான்தான் பழைய ஆள் என்பதால் இரண்டு வார்த்தை பேசும்படி நிர்வாகி அம்மா கேட்டிருந்தார். துளசியோடு குசினியில் இருந்து நான்கு வசனம் பாடமாக்கினேன். மேடையில் ஏறியதும், நாங்கள் பயந்துபோனோம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் எல்லோரையும் பயப்படுத்தினோம் என்று சொல்லிவிட்டேன். சபை சிரித்தது. அன்பான சிரிப்புத்தான். கடைசி வசனம் மட்டும் பிசகாமல் வந்தது: நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பமாக நின்றோம். கைதட்டினார்கள்.

கேக்கை வாயில் வைத்தபோது கதவு திறந்தது. துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு அல்மாஸ் வந்தார். அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. அவர் இல்லத்தின் ஊழியர் இல்லை, துப்புரவுக் கம்பனி அனுப்புகிற பெண். கூட்டம் முடிந்திருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார். நாங்கள் இன்னும் நிற்பதைக் கண்டு ஓரமாக ஒதுங்கி, என் சப்பாத்துக்குப் பக்கத்தில் கிடந்த கேக் தூளைக் கூட்டி எடுத்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாய் நிறையக் கேக் இருந்ததால் எனக்குப் பேச ஏலவில்லை. உண்மையைச் சொன்னால், வாய் வெறுமையாக இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

2

அந்த நாட்களில் அல்மாஸ் செய்த வேலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் எரித்திரியாவிலிருந்து வந்தவர். இல்லத்துக்குள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வரக்கூடாது என்று பூட்டி வைத்திருந்த காலம். ஒரு அறையில் ஒருவர் இறந்தால் உடலைக் கொண்டுபோன பிறகு உள்ளே முதலில் போகிறவர் அல்மாஸ்தான். கட்டிலை உரித்து, உடுப்புகளை மஞ்சள் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு என் கதவடிக்குக் கொண்டுவருவார். மூன்று தரம் தட்டிவிட்டு நடைபாதையின் மறு அந்தத்துக்குப் போய் நிற்பார். நான் கதவைத் திறந்து பையை உள்ளே எடுப்பேன். மாதக்கணக்காக இப்படித்தான். அவருடைய முகத்தின் கீழ்ப்பாதி எப்படியிருக்கும் என்பதையே அடுத்த வருடம்தான் கண்டேன்.

ஒருநாள் வந்த பையில் ஒரு துண்டுக் கடதாசி குத்தியிருந்தது. என்னுடையதைவிட மோசமான ஜேர்மன். உள்ளே ஒரு பச்சைச் சால்வை இருக்கிறது, கொதிநீரில் போடாதே, சுருங்கிவிடும், அதை மகள் கேட்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தது. அந்தக் கிழவி யார், மகள் யார் என்று எனக்குத் தெரியாது. கிருமி சாகட்டும் என்று ஒரு கிழமை பையைக் கட்டி வைத்திருந்து, பிறகு சால்வையைக் கையால் கழுவிக் காயவிட்டேன். செத்த வீட்டுக் காரியத்தை இதைவிடப் பொறுப்பாகச் சொந்தக்காரர் செய்வார்களா தெரியாது.

வருட முடிவில் நகரசபை ஒரு நன்றித்தொகை கொடுத்தது. வழக்கம்போலக் கடிதம், வழக்கம்போலத் துளசி. அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நேரடி ஊழியர்களுக்கு என்று வாசித்தாள். நேரடி என்றால் என்ன என்று கேட்டேன். உங்களை மாதிரி ஆக்கள், கம்பனி ஆக்கள் இல்லை என்றாள். அந்த வசனம் மட்டும் எனக்கு மிக நன்றாக விளங்கியது. ஒரே நடைபாதையில் ஒரே பையின் ஒரு முனையைப் பிடித்தவர் அவர், மறுமுனையைப் பிடித்தவன் நான். எனக்கு உண்டு, அவருக்கு இல்லை. நான் கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்கும் என் தங்கச்சி கங்காவோடு தொலைபேசியில் கதைக்கும்போது விசயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவள் சந்தோசப்பட்டாள். பிறகு கேட்டாள்.

“எல்லாருக்கும் குடுத்தவையோ அண்ணை?”

“ஓம், எல்லாருக்கும்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

3

கங்கா யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் புளியங்கூடலில் இருக்கிறாள். அவள் புருசன் வயல் செய்கிற கமக்காரர். அவள் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் சுகாதார உதவியாளர். எந்தத் தீவு என்று எழுத மாட்டேன், எழுதினால் நீங்கள் ஆட்களைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். குறிகட்டுவானில் படகு ஏறிப் போகிற ஒரு தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரடங்குக் காலத்தில் பஸ் இல்லை. அவள் விடிய முதல் சைக்கிளை எடுத்து வேலணை தாண்டி, புங்குடுதீவுப் பாலத்தில் எதிர்க்காற்றில் இறங்கி உருட்டி, திரும்ப ஏறி மிதித்து, குறிகட்டுவானுக்குப் போய்ச் சேருவாள். தீவில் இரண்டு நாள் நின்று வேலை செய்துவிட்டு மூன்றாம் நாள் திரும்புவாள். ஐம்பது வயது தாண்டிய மனுசி. வராமல் நின்றால் யார் கேட்பார்கள் என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். வராமல் நின்றவர்களும் இருந்தார்கள். அவள் ஒருநாளும் நிற்கவில்லை.

அந்தப் படகில் வேலை செய்கிறவர் மரியதாஸ். தீவுக்காரர், கங்காவைவிட நாலைந்து வயது இளையவர். கயிறு கட்டுவது, மூட்டை ஏற்றுவது, நோயாளியைத் தூக்கிவைப்பது எல்லாம் அவர்தான். அரசாங்கப் படகு, ஆனால் அவருக்கு நாட்கூலி. கடல் கொந்தளிக்கிற சோளகக் காற்றுக் காலத்தில் ஒருநாள் மூச்சு எடுக்க முடியாத ஒருவரைத் தீவிலிருந்து கொண்டுவந்தார்கள். கங்கா ஒட்சிசன் உருளையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். துறையில் படகு அணையவிடாமல் அலை தள்ளியபோது மரியதாஸ் தண்ணீருக்குள் குதித்து, படகைத் தோளால் முண்டுகொடுத்துப் பிடித்தாராம். ஆஸ்பத்திரிக்காரருக்குப் பாதுகாப்பு உடுப்பு இருந்தது. அவருக்கு ஒரு மழைக்கோட்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் என்பதால் பல கிழமைகள் அவர் வீட்டுக்கே போகாமல் படகிலேயே படுத்தார்.

இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. யாருக்காவது தொற்று வந்தால் கூடப் போனவர்களைத் தேட வேண்டும் என்பதால், படகில் ஏறுகிற எல்லோருடைய பெயரையும் எழுதச் சொல்லி உத்தரவு. பிள்ளையின் அப்பியாசக் கொப்பி ஒன்றில் அவர் எழுதினார். எப்படி எழுதினார் என்பதில்தான் இருக்கிறது விசயம். எங்கள் பக்கத்தில் தெரிந்த ஆளிடம் முழுப்பெயர் கேட்பது முகத்தில் அடிப்பது மாதிரி. இருபது வருடம் ஒரே படகில் வருகிற மனுசியிடம் உங்கட பேர் என்ன என்று எப்படிக் கேட்பது? டொக்டரின் பெயரைச் சொல்லி எழுதுவதோ மரியாதைக் குறைவு. ஆகவே அவர் கூப்பிடுகிறபடியே எழுதினார். டொக்டர் ஐயா. ஆஸ்பத்திரிக் கங்காக்கா. மருந்து குடுக்கிற தம்பி. சிரிக்கிற நேர்ஸ் பிள்ளை. சில நாள் வெறுமனே எங்கட அக்கா.

4

ஒரு வருடத்துக்குப் பிறகு, அந்த நாட்களில் வேலைக்கு வந்தவர்களுக்கு ஊக்கக் கொடுப்பனவு என்று அறிவித்தார்கள். வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஒரே பேனையை எல்லோரும் தொடக்கூடாது என்று சொல்லிக் கையெழுத்து இடாப்பை மூடி வைக்கச் சொன்னவர்களும் அவர்கள்தான், இப்போது இடாப்பு எங்கே என்று கேட்பவர்களும் அவர்கள்தான். வீட்டில் படுத்திருந்தவர்களும் நாங்களும் வந்தோம் என்று எழுதிக் கொடுத்திருந்ததால் யாரையும் நம்ப ஏலாது என்றார்களாம்.

கங்காவுக்குக் கொப்பி நினைவுக்கு வந்தது. மரியதாஸிடம் அதை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் வாசித்துவிட்டு, “எங்கட அக்கா எண்டால் ஆற்ற அக்கா?” என்று கேட்டாராம். அவரிலும் பிழை சொல்ல ஏலாது, யாருடைய அக்கா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் விடவில்லை. தீவின் கிராம அலுவலரான விதானையாரைப் பிடித்தாள். அவர் ஒரு பொறுமைசாலி. கொப்பியை மூன்று நாள் வைத்திருந்து பக்கம் பக்கமாகப் பார்த்து ஒரு கடிதம் எழுதினார். அதன் படத்தைக் கங்கா எனக்கு அனுப்பினாள், இன்றைக்கும் என் தொலைபேசியில் இருக்கிறது. ‘மேற்படி கொப்பியில் ஆஸ்பத்திரிக் கங்காக்கா எனவும், கங்காக்கா எனவும், எங்கட அக்கா எனவும் குறிப்பிடப்பட்டுள்ளவர் திருமதி சிவகங்கை நவரத்தினம் ஆகிய ஒருவரே என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’ சிரிக்கிற நேர்ஸ் பிள்ளைக்கும் இப்படி ஒரு பந்தி. கீழே கையொப்பம், முத்திரை. நான் அதை வாசித்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு, ஒரு உத்தியோகத்தர் இவ்வளவு நேரம் செலவழித்து நாலைந்து பேருக்குப் பெயர் மீட்டுக் கொடுத்திருக்கிறாரே என்று நினைக்க மனம் இளகியது.

காசு சரிவந்தது. கையெழுத்து வைக்கிற நாளில் கங்கா தாளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். இந்தக் காலத்தில் இந்தத் தீவில் கடமையாற்றிய சகலருக்கும் கொடுப்பனவு வழங்கப்பட்டுள்ளது என்பதை ஏற்றுக்கொள்கிறேன் என்று இருந்தது. மரியதாஸின் பெயர் எங்கே என்று கேட்டாள். அவர் வேறு திணைக்களம், அதுவும் நாட்கூலி, எங்கள் பட்டியலில் வராது என்றார்கள். அவர் வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சியும் இல்லை, கொப்பியில் அவர் பெயரே இல்லையே என்றார்கள். அது உண்மை. பயணிகளின் பெயரை எழுதச் சொன்னார்கள், அவர் பயணி இல்லை, ஆகவே தன் பெயரை அவர் ஒருநாளும் எழுதவில்லை. கொப்பி முழுக்க அவருடைய கையெழுத்துத்தான், ஆனால் அவர் அதில் இல்லை.

கங்கா பேனையை மேசையில் வைத்துவிட்டாள். மற்றவர்கள் வாங்கினார்கள், அவர்களுக்கும் வீட்டில் தேவை இருந்தது, அவர்களில் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. வருட முடிவுக்குள் கையெழுத்து வைக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும் என்று எச்சரித்தார்கள். அவளுடைய குசினிக் கூரை அந்த மாரியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் காசில்தான் தகடு மாற்றுவதாக இருந்தார்கள். புருசன் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லையாம்.

நான் தொலைபேசியில் கத்தினேன். வாங்கிக்கொண்டு பிறகு சண்டை பிடி, அந்த மனுசனுக்கு உன் பங்கிலிருந்து ஏதும் கொடு என்றேன். அவள் அமைதியாகத்தான் பதில் சொன்னாள்.

“பங்கு குடுக்கிறதில்லை அண்ணை விசயம். கையெழுத்து வைச்சால், வேலை செய்த எல்லாருக்கும் குடுத்தாச்சு எண்டு நான் சொல்லுறன் எண்டெல்லோ அர்த்தம். நான் அப்பிடி எப்பிடிச் சொல்லுறது? உங்கட இடத்திலை எண்டால் இந்தக் கரைச்சல் இல்லை. எல்லாருக்கும் குடுத்தவை எண்டு சொன்னனீங்கள்.”

குத்திக் காட்டவில்லை அவள். என்னை நம்பித்தான் சொன்னாள். நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு வேறு கதைக்குப் போனேன்.

5

இந்த இடத்தில் மரியதாஸ் வந்து கையெடுத்துக் கும்பிட்டிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அவருக்குக் கோபம். தீவு முழுக்கக் கதை பரவியிருந்தது. அடுத்த நாள் படகில் எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம்.

“என்ர பேரை ஏன் அங்கை இழுத்தனீங்கள் அக்கா? நான் காசுக்கு ஆக்களைத் தூக்கேல்லை.”

“நானும் காசுக்கு வரேல்லை. ஆனா காசு குடுக்கிறதெண்டால் ரெண்டு பேருக்கும் குடுக்கோணும். உம்மைக் கேக்காமல் உம்மட பேரைச் சொன்னது மட்டும் என்ர பிழை.”

ஆனாலும் படகிலிருந்து இறங்கும்போது வழமைபோல அவளுடைய பையை வாங்கித் துறையில் வைத்தாராம்.

வருடம் முடிந்தது. கங்காவின் காசு திரும்பிப் போனது. மரியதாஸுக்கும் ஒன்றும் வரவில்லை. நான் கூரைக்குக் காசு அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். பனையோலையைப் போட்டு ஒருமாதிரிச் சமாளித்தார்கள். ஒன்று மட்டும் நடந்தது. அவள் விடாமல் எழுதிய கடிதங்களுக்குப் பதிலாக, படகில் பெயர் எழுதும்போது முதலில் படகில் வேலை செய்பவர்களை எழுதி, அதன் பிறகு பயணிகளை எழுத வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தது. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவும் வந்ததே என்றாள்.

என் தங்கச்சியை எனக்கு அவள் பிறந்த நாளிலிருந்து தெரியும். சின்ன வயதில் பங்கிட்ட பனங்கிழங்கில் பெரியதை நான் எடுத்தால் ஊரைக் கூட்டுவாள். அது பேராசை என்று நினைத்திருந்தேன். இத்தனை வயதுக்குப் பிறகுதான் அவளை மதிக்கத் தெரிந்திருக்கிறது. நான் வெளிநாட்டில் இருப்பதால் எனக்கு உலகம் தெரியும் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஒழுகுகிற கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒரு தாளின் கடைசி வரியை வாசிக்கிற துணிவு எனக்கு இருக்கவில்லை.

6

கேக் வெட்டிய அன்று பின்னேரம் துளசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறாள், கிழமைக்கு ஒருநாள் வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்லுவாள். கங்கா மாமியை அவள் இரண்டு தரம்தான் நேரில் கண்டிருக்கிறாள். இந்தக் கதையெல்லாம் அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்துத்தான் சொன்னேன். அல்மாஸுக்கும் அந்த நன்றித்தொகை கொடுக்க வேண்டும் என்று நகரசபைக்கு நீ ஒரு கடிதம் எழுதித் தா என்றேன். அவள் கணினியைத் திறக்கவில்லை. தமிழிலேயே கேட்டாள்.

“அவவிட்டைக் கேட்டனீங்களா அப்பா?”

கேட்கவில்லை. கங்கா செய்த ஒரே பிழையை நானும் செய்யப் பார்த்தேன். அவளாவது தன் காசை விட்டுவிட்டு அந்தப் பிழையைச் செய்தாள்.

கங்காவிடம் இதை நான் தொலைபேசியில் சொல்லவில்லை. இந்தக் கதை வெளிவரும் பத்திரிகை அவள் வீட்டுக்குப் போகும், இதை வாசித்துத்தான் அறிந்துகொள்வாள். அண்ணை சொன்ன ஓம் பொய், பிள்ளை. எல்லாருக்கும் குடுக்கேல்லை.

திங்கட்கிழமை வேலை தொடங்க முதல் அல்மாஸைத் தேடிப் போனேன். இரண்டாம் மாடி நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கதைப்பது உடைந்த ஜேர்மன். அதில் ஒரு நன்மை உண்டு, சுற்றி வளைக்க இருவருக்கும் தெரியாது. எங்களுக்கு நன்றித்தொகை கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்கவில்லை, அதைப் பற்றி நகரசபைக்கு எழுதப்போகிறேன், உங்கள் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். என் தங்கச்சியையும் படகுக்காரரையும் பற்றித் தெரிந்த சொற்களில் சொன்னேன்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். எங்களுக்குக் கிடைத்தது தனக்கு அப்போதே தெரியும் என்றார். அந்தக் கிழமை எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள், தான் வந்ததும் கதையை நிறுத்தினார்கள் என்றார். பிறகு கேட்டார்.

“ஐந்து வருடம். அப்போது நீ ஏன் சொல்லவில்லை?”

வழியெல்லாம் பல பதில்களை ஆயத்தப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். எனக்கு மொழி போதாது, யாரிடம் சொல்வது என்று தெரியாது, வேலை போய்விடும் என்று பயம். உண்மை மட்டும்தான் சொல்லக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருந்தது.

“எனக்குக் கிடைத்துவிட்டது. அதனால்.”

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்தாரா இல்லையா என்று எனக்கு இன்னமும் தெரியாது. துடைப்பத்தைத் திரும்ப எடுத்து வாளிக்குள் நனைத்தார்.

“எழுது,” என்றார். “என் பெயரைப் போடு. இப்போது சொன்னாயே, அந்த வசனத்தையும் எழுது. அதை முதலாவதாக எழுது.”